பக்கவாதம்: சிகிச்சைக்குத் தடையாகும் வலியின்மை

புது தில்லி: மூளை ரத்தக் குழாய் அடைப்பால் பக்கவாதம் ஏற்பட்டால், அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தைச் செலுத்த வேண்டும். வாய் கோணினாலும் பேச்சு குழறினாலும் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. விடியட்டும் எனக் குடும்பத்தினர் காத்திருப்பது அதனால்தான். முதன்மைக் காரணியான உயர் ரத்த அழுத்தமும் அத்தகையதே. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) ஆண்களில் 24%, பெண்களில் 21% பேருக்கு அது உள்ளது.

நரம்பியல் நிபுணர் இல்லாததும் தாமதத்துக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இது ஓரளவுக்கே உண்மை. மலைப்பாங்கான ஹிமாசல பிரதேசத்தில் 2014-இல் தொடங்கிய திட்டத்தில், மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களே நிபுணரிடம் கைப்பேசியில் ஆலோசனை பெற்று இந்த ஊசியைச் செலுத்தினர். ஆனால், ரத்தக்கசிவு இல்லை என உறுதிசெய்ய சி.டி. ஸ்கேன் அவசியம், அக்கருவி உள்ள மருத்துவமனைகளில் மட்டுமே இது சாத்தியமானது.