கடல் தந்த இரண்டு மணி நேரம்



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நம் நாட்டில் மணி காலை ஆறரை. தமிழகக் கரையை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதற்குள் கார் நிக்கோபாரிலிருந்த விமானப்படைத் தளத்தை வெள்ளம் சூழ்ந்துவிட்டது. அச்செய்தி சென்னையிலிருந்த படைத்தளத்துக்கும் வந்தது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளுக்கோ எதுவும் வந்து சேரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அலையைத் தடுக்க எவராலும் இயலாது. அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்ல ஒரு வழி இருந்திருக்கலாம் அல்லவா? அதை எண்ணியே நாம் இன்றும் வருந்துகிறோம்.

அதன்பின் நாடு வாளாவிருக்கவில்லை. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2006-இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைந்தது. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. 108 ஊர்தி 2008-இல் தமிழகத்துக்கு வந்தது. காவலுக்கு 100, தீக்கு 101 என்று தனித்தனியே அழைத்து அலையாதிருக்க, 112 என்னும் ஒரே எண் 2018 முதல் மாநிலந்தோறும் வரலாயிற்று. ஆனால் எண் ஒன்றானால் போதாது. அழைப்பை ஏற்பவர் தீயணைப்பு நிலையத்தையும் மருத்துவ ஊர்தியையும் ஒருங்கே ஏவ இயலவேண்டும். ஏவப்படும் நிலையத்தில் ஆளும் வண்டியும் இருக்கவேண்டும். அதற்குப் பணம் தேவை.

2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதை நூறு ரூபாயாக எண்ணினால், துயர் துடைப்புக்கு 40, மறுசீரமைப்புக்கு 30, பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கு 20. ஆயத்தத்துக்கும் பயிற்சிக்கும் எஞ்சியது 10. தீயணைப்புத் துறைகளைப் புதுப்பிக்க 5,000 கோடி வேறாக ஒதுக்கப்பட்டது நல்ல தொடக்கமே. எனினும் ஆயத்தத்தின் பங்கு மிகச் சிறிது என்பதே நம் கருத்து.

அரசை மட்டும் குறைகூற நமக்கு வாயில்லை. தேர்த்திருவிழாவுக்கு வரி கேட்டால் மறு ஞாயிறே பணம் கைக்கு வருகிறது. கோபுரத்து இடிதாங்கியைப் பழுதுபார்க்கக் கேட்டாலோ, “இடி விழுந்துவிட்டதா, சாமி?” என்கிறார்கள்!

இன்னொன்று. ஐதராபாத்திலிருந்து புறப்படும் எச்சரிக்கை மாவட்ட ஆட்சியரை அடைந்து, வட்டாட்சியரை அடைந்து, கடைசியில் குப்பத்துக்கு வந்து சேரவேண்டும். பல கடலோர ஊர்களில் ஊர் முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கி கோயிலில்தான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அந்த அறையின் திறவுகோல் யாரிடம் இருக்கும்? மின்சாரம் நின்றால் மணியடிப்பவர் யார்? கடலோரப் பங்குப் பேரவைகள் தங்கள் அடுத்த கூட்டத்தில் இவ்விரு பெயர்களையும் முடிவுசெய்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும்.