சுவருக்குள்ளே பாடுவது யார்?

“பையன் ராத்திரியெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு என்னமோ இங்கிலீஷ் பாட்டு கேட்கிறான். வரிகளைத் தேடிப் படிச்சுப் பார்த்தா ஒரே சாவு, தனிமை, பைத்தியம். இதையெல்லாம் கேட்கலாமா?”

பிள்ளைகள் ராக் இசைப் பக்கம் போன வீடுகளில் எல்லாம் ஒருநாள் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஆனால், கேட்கலாமா கூடாதா என்று தீர்ப்பு சொல்வதற்கு முன், அந்த வரிகளை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம். உதாரணத்துக்கு ஒரே ஒரு ஆல்பம்: பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘தி வால்’. சுவர்!

பாட்டு அல்ல, கதை

1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. நீளமான இசை, நாடகம் போன்ற திருப்பங்கள், ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தொடரும் கதை என்று ராக் இசையை இழுத்து நீட்டினார்கள். அதற்குப் பெயர் புரொக்ரெசிவ் ராக். ஆல்பம் முழுக்க ஒரே கதையோ ஒரே கருத்தோ ஓடினால் அது கான்செப்ட் ஆல்பம்.

1979 நவம்பர் 30-ம் தேதி வெளியான ‘தி வால்’ அந்த வகையில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். இரண்டு இசைத்தட்டுகள், 26 பாடல்கள், சுமார் 80 நிமிடங்கள். பெரும்பாலான பாடல்களை எழுதியவர், குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ்.

கதை இதுதான். பிங்க் என்று ஒரு ராக் பாடகன். குழந்தையாக இருக்கும்போதே அப்பா போரில் இறந்துபோகிறார். அம்மா பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். பள்ளியில் வாத்தியார் அவமானப்படுத்துகிறார். பெரியவனாகிப் புகழ் வருகிறது, கல்யாணம் உடைகிறது. ஒவ்வொரு காயமும் ஒரு செங்கல். கடைசியில் தன்னைச் சுற்றி முழுச் சுவர் எழுப்பி, உள்ளே உட்கார்ந்துகொள்கிறான். தனிமை முற்றி, தன்னை ஒரு சர்வாதிகாரியாகவே கற்பனை செய்துகொள்கிறான். முடிவில் அவன் மனசுக்குள்ளேயே ஒரு வழக்கு விசாரணை நடக்கிறது.

இருட்டான கதைதான். ஆனால், நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் இந்த இருட்டில் வழி தெரியும்.

கேள்வி 1: இது யார் கூற்று?

சங்க அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பு இருக்கும். ‘நான்’ என்று வந்தால் அது புலவர் அல்ல என்று நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ராக் பாட்டு என்றதும் அதை மறந்துவிடுகிறோம்.

‘மதர்’ என்ற பாடலைக் கேளுங்கள். மகன் கேள்வி கேட்கும் பகுதிகளை வாட்டர்ஸ் பாடுகிறார். அம்மாவின் பதிலைப் பாடுவது கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர். குரல் மாறுவதைக் கவனிக்காவிட்டால் பாட்டே புரியாது. அந்த அம்மா கெட்டவள் இல்லை. கணவனைப் போரில் இழந்தவள். மிச்சம் இருக்கும் ஒரே பிள்ளையை எதுவும் தொட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறாள். ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று நாம் தினமும் சொல்லும் அதே அன்பு. அந்த அன்பும் ஒரு செங்கல் ஆகிறது என்பதுதான் பாட்டின் வலி.

‘கம்ஃபர்டப்லி நம்ப்’ பாடலிலும் இரண்டு பேர். நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது, அறையில் சுருண்டு கிடக்கும் பிங்க்கை ஊசி போட்டு எழுப்ப வந்த டாக்டரின் குரல் வாட்டர்ஸுடையது. மரத்துப்போன பிங்க்கின் குரல் கில்மோருடையது. இது தெரியாமல் கேட்டால் போதையைப் புகழும் பாட்டு என்று தோன்றும். தெரிந்து கேட்டால், ஒரு மனிதன் தேறுவதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை, அவன் மேடை ஏறினால் போதும் என்று நினைக்கிறார்கள் என்பது புரியும். 1977-ல் ஃபிலடெல்ஃபியாவில் வயிற்று வலியோடு இருந்த வாட்டர்ஸுக்கு ஊசி போட்டு மேடையேற்றிய அனுபவம்தான் இதற்கு விதை.

கேள்வி 2: இதற்கு முன்னே என்ன, பின்னே என்ன?

போனில் ஷஃபிள் போட்டுக் கேட்கும் காலம் இது. கான்செப்ட் ஆல்பத்துக்கு ஷஃபிள் ஆகாது. நாவலின் பக்கங்களைக் கிழித்துக் கலைத்துப் போட்டுப் படிப்பது போல ஆகிவிடும்.

‘குட்பை குரூயல் வேர்ல்ட்’ என்ற தலைப்பைப் பிள்ளையின் பிளேலிஸ்ட்டில் பார்த்தால் எந்த அம்மாவுக்கும் வயிறு கலங்கும். தனியாகக் கேட்டால் அது உயிரை விடப்போகிறவனின் விடைபெறல் போலத்தான் இருக்கும். ஆனால், அது முதல் தட்டின் கடைசிப் பாட்டு. கச்சேரி மேடையில், கட்டி முடியப்போகும் சுவரின் கடைசி இடைவெளி வழியாக வாட்டர்ஸ் அதைப் பாடி முடிப்பார். கடைசிச் செங்கல் வைக்கப்படும். அவன் விடைபெறுவது உயிரிடம் இல்லை, மனிதர்களிடம். தட்டை மாற்றிப் போட்ட உடனே, அடுத்த பாட்டில், உள்ளே இருந்துகொண்டு வெளியே இருப்பவர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறான். கதவே வைக்காமல் வீடு கட்டியவனின் கூப்பாடு அது. இந்த இரண்டு பாடல்களையும் பிரித்துக் கேட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

உலகமே பாடிய ‘அனதர் பிரிக் இன் தி வால்’ விஷயமும் அப்படித்தான். அந்தத் தலைப்பில் மொத்தம் மூன்று பாடல்கள் உண்டு. முதலாவது அப்பாவின் சாவு. மூன்றாவது, மனைவியும் போன பிறகு ‘எனக்கு யாருமே வேண்டாம்’ என்று வரும் வெறுப்பு. நடுவில் இருப்பதுதான் பள்ளிக்கூடப் பாட்டு. லண்டனில் இஸ்லிங்டன் க்ரீன் பள்ளியின் பிள்ளைகள் சேர்ந்து பாடியது. 1980-ல் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி அரசின் பாரபட்சமான கல்விக்கு எதிராகப் போராடிய மாணவர்கள் அதைத் தங்கள் முழக்கமாக எடுத்துக்கொண்டார்கள். அரசு பாட்டையே தடை செய்தது.

படிப்பே வேண்டாம் என்று சொல்லும் பாட்டா அது? அதற்கு முந்தைய குட்டிப் பாடலைக் கேளுங்கள். பள்ளியில் பிள்ளைகளை வதைக்கும் வாத்தியார், வீட்டில் மனைவியிடம் அடி வாங்குகிறவர் என்கிறது. வாங்கிய அவமானத்தைத் தன்னைவிடச் சின்னவர்களிடம் இறக்கிவைக்கிறார். பாட்டின் கோபம் படிப்பின் மேல் இல்லை. கைமாறிக் கைமாறி வரும் கொடுமையின் மேல்.

கேள்வி 3: வரி ஒன்று சொல்ல, இசை என்ன சொல்கிறது?

‘கம்ஃபர்டப்லி நம்ப்’ வரிகள் ‘எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை’ என்கின்றன. ஆனால் பாட்டின் முடிவில் கில்மோரின் கிட்டார் கதறுகிறது. வாய் மறைத்ததை விரல் சொல்லிவிடுகிறது. வீட்டில் ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அந்த ‘ஒண்ணுமில்லை’யின் உள்ளே இருப்பது இந்த கிட்டார்தான்.

இன்னொரு நுணுக்கம். ஆல்பத்தின் முதல் பாடலின் பெயர் ‘இன் தி ஃபிளெஷ்?’. கேள்விக்குறியோடு. இரண்டாம் தட்டில் ஏறக்குறைய அதே மெட்டு, அதே பெயரில் திரும்ப வருகிறது, கேள்விக்குறி இல்லாமல். இப்போது பாடுவது சர்வாதிகாரியாக மாறிவிட்ட பிங்க். கூட்டத்தில் தனக்குப் பிடிக்காதவர்களையெல்லாம் அடையாளம் காட்டி வெறுப்பைக் கக்குகிறான். சந்தேகப்படுகிற மனிதன் பரவாயில்லை, சந்தேகமே இல்லாதவன்தான் ஆபத்து. ஒரு கேள்விக்குறியை எடுத்துவிட்டு அதைச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி 4: எழுதியவர் வாழ்க்கை எவ்வளவு?

வாட்டர்ஸ் பிறந்தது 1943 செப்டம்பரில். அவருடைய அப்பா எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ், 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். 1977 ஜூலையில் மான்ட்ரியால் ஸ்டேடியத்தில் ரசிகர்களின் கூச்சலில் பொறுமை இழந்த வாட்டர்ஸ், முன்வரிசை ரசிகர் ஒருவர் மேல் எச்சில் துப்பிவிட்டார். தான் செய்ததைப் பார்த்துத் தானே அதிர்ந்துபோனார். தனக்கும் ரசிகர்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

ஆனால் பிங்க் முழுக்க வாட்டர்ஸ் இல்லை. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பேரட்டும் அவனுக்குள் இருக்கிறார். மனநிலை குலைந்து 1968-ல் குழுவை விட்டுப் போனவர் அவர். 1975-ல் ஒருநாள் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தபோது, பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. 1982-ல் ஆலன் பார்க்கர் இந்தக் கதையைப் படமாக எடுத்தார். அதில் பிங்க் தன் புருவத்தை மழித்துக்கொள்வான். பார்க்கவே முடியாத காட்சி. அதன் பின்னால் ஒரு நண்பனை இழந்த துக்கம் இருக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்?

படத்தில் பிங்க்கின் கற்பனைச் சர்வாதிகாரக் கும்பலுக்கு, குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் சின்னம். பாசிசத்தைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதற்காக வைத்தது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் கிளம்பிய ஒரு நிஜமான இனவெறிக் கும்பல், அதையே தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. எச்சரிக்கைப் பலகையை வழிகாட்டிப் பலகையாகப் படித்துவிட்டார்கள்.

2023 மே மாதம் பெர்லின் மேடையில் வாட்டர்ஸ் அந்தச் சர்வாதிகாரி உடையில் தோன்றியபோது காவல்துறை விசாரணை தொடங்கியது. இது பாசிசத்துக்கு எதிரான பாத்திரம் என்றார் அவர். வரலாற்றுக் காயம் உள்ள ஊரில் அந்த உடுப்பு பலரைப் புண்படுத்தியதும் உண்மை. ‘இது யார் கூற்று’ என்று கேட்கும் பொறுப்பு நமக்கு இருப்பது போல, அதைத் தெளிவாகக் காட்டும் பொறுப்பு கலைஞனுக்கும் உண்டு.

தண்டனையா, விடுதலையா?

இறுதி விசாரணையில் வாத்தியார், மனைவி, அம்மா எல்லோரும் சாட்சி சொல்ல வருகிறார்கள். எல்லாக் குரல்களையும் வாட்டர்ஸ் ஒருவரே பாடுகிறார். எல்லாம் பிங்க்கின் மண்டைக்குள் நடப்பதால், குரலும் ஒன்றுதான்! குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அவனுக்கு உணர்ச்சி இருக்கிறது என்பது. தீர்ப்பு: சுவரை இடி, எல்லார் முன்னாலும் நில். அவன் எதற்குப் பயந்து சுவர் கட்டினானோ அதுவே தண்டனை, அதுவே விடுதலையும்.

அதன் பிறகு இரண்டு நிமிடம்கூட இல்லாத ஒரு மெல்லிய பாட்டு. சுவருக்கு வெளியே, அவன் மேல் அன்புள்ளவர்கள் இத்தனை காலமும் நடந்துகொண்டே இருந்தார்கள் என்கிறது. கடைசியில் ஒரு பேச்சு பாதியில் அறுந்துவிடும். அதன் மீதி, ஆல்பத்தின் முதல் வினாடியில் இருக்கிறது. முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்கின்றன. சுவரை ஒருதடவை இடித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே, அது திரும்ப வளரும் என்று நான் புரிந்துகொள்கிறேன். நீங்கள் வேறு மாதிரி புரிந்துகொள்ளலாம்.

சரி, பிள்ளைகள் கேட்கலாமா?

கெட்ட வார்த்தை, போதை, வன்முறை எல்லாம் இதில் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். படம் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பிள்ளை கேட்டால் பதற வேண்டியதில்லை. தன்னால் சொல்ல முடியாததை இன்னொருவர் சொல்லிவிட்டார் என்ற ஆறுதலுக்காகவும் சோகப் பாட்டு கேட்பார்கள். நாம் கேட்டதில்லையா?

‘ஏன் எப்பப் பார்த்தாலும் அழுமூஞ்சிப் பாட்டு?’ என்று கேட்டால் ஒரு செங்கல் கூடும். ‘இதைப் பாடுறது யாருப்பா? அவனுக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் கதையாக வரும். நடுவில் எங்காவது அது பிங்க்கின் கதையிலிருந்து பிள்ளையின் கதையாக மாறினால், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பாட்டோடு நிற்காமல், சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளை விலகினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416, நாள் முழுக்க இயங்குகிறது.

இந்த ஞாயிறு 80 நிமிடம் ஒதுக்குங்கள். ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். முடிந்தால் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பிள்ளையோடு உட்கார்ந்து கேளுங்கள்.

அடுத்த வாரம் நியூயார்க் தெருவில் தொடங்கும் வேறொரு விசித்திரக் கதை: ஜெனிசிஸ் குழுவின் 1974 ஆல்பம். சந்திப்போம்!