சீவாத கன்று வரப்பைத் தாண்ட வேண்டாம்

தாரோடு வாழை சாய்ந்தால் காற்றின் மேல் பழி போடுகிறோம். விழுந்த மரத்தின் வேரை நெடுக்காகக் கீறிப் பார்ப்பவர் குறைவு. கீறினால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புத் தடங்கள் தெரியும். நூற்புழு குடைந்துபோன வழி அது.

வாழைக்கு ஆணிவேர் இல்லை. கிழங்கிலிருந்து கயிறு கயிறாகக் கிளம்பும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்கின்றன. அவை அழுகினால் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் மரத்துக்குச் சேராது. தாரின் பாரத்தையும் மரம் தாங்காது. குடையும் நூற்புழு அந்த வேருக்குள்ளேயே முட்டையிட்டு, மூன்று நான்கு வாரங்களில் அடுத்த தலைமுறையை எழுப்பிவிடுகிறது. இந்தியாவில் இது முதலில் பதிவானது 1966-இல், கேரளத்தில்.

கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு தானாக நகரும் தூரம் மிகச் சொற்பம். அதை ஊர் ஊராகச் சுமந்தவர்கள் நாம்தான். வாழைக்குக் கன்றுதானே விதை! பக்கத்து ஊர் உறவினரின் பூவன் நன்றாகக் காய்த்தது என்று பத்துக் கன்று பெயர்த்து வருகிறோம். வேரோடு புழுவும் வருகிறது. பிறகு வாய்க்கால் தண்ணீர் அதை அடுத்த வயலுக்குக் கொண்டுபோகிறது. ஆகவே ஒருவர் மட்டும் தன் வயலைக் காத்துக்கொள்ள முடியாது.

நூற்புழுவைத் தாங்கும் வாழைகள் இல்லாமல் இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் பிசாங் ஜாரி புவாயாவைக் கொண்டு ஹோண்டுராஸில் ஒட்டுரகங்கள் உருவாக்கினார்கள். ஆனால் விதையே பிடிக்காத நம் ரஸ்தாளிக்கும் நேந்திரனுக்கும் அந்தக் குணத்தை ஏற்றுவது நெடுங்கால வேலை. அதுவரை கையில் இருப்பது எளிய வழிதான்: கிழங்கில் வேர்களையும் கருத்த பகுதியையும் வெள்ளை தெரியும்வரை சீவுவது, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைப்பது, ஊடே சணப்பையோ செண்டுமல்லியோ போடுவது, இடையில் ஒரு போகம் நெல்லுக்கு மாறுவது.

கன்று கொடுப்பவர் சீவிக் கொடுக்கட்டும். வாங்குபவர் சீவாததை மறுக்கட்டும். ஓராண்டுக் குத்தகைக்காரர் பயிர் மாற்றத் தயங்குவார், அவர் மேல் குற்றமில்லை. நிலத்துக்காரர்தான் குத்தகையை நீட்டித்துத் துணை நிற்க வேண்டும். வெந்நீர்த் தொட்டி ஒரு விவசாயியின் சக்திக்கு மீறியது. ஊருக்கு ஒன்றைத் தோட்டக்கலைத் துறையும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து அமைத்துத் தரலாம்.

நஞ்சையில் வாழை நடவு மாசியில் சூடுபிடிக்கும். அதற்கு முன் ஜனவரி 26-இல் கிராம சபை கூடுகிறது. சீவாத கன்றை ஊருக்குள் விடுவதில்லை என்ற தீர்மானத்தை அன்றே நிறைவேற்றலாம்.