யாருடைய வண்டியை ஓரங்கட்டுவது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் செங்கோட்டைச் சாலையின் முகமே மாறிவிடும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கமிருந்து இளைஞர்கள் இரண்டிரண்டு பேராக பைக்கில் வந்து இறங்குவார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டபடி புளியறையைத் தாண்டி ஆரியங்காவு, பாலருவி, தென்மலை என்று கிளம்புவார்கள். எதிர்ப்பக்கம் புனலூர், கொல்லத்துப் பையன்கள் கேரளப் பதிவெண்ணோடு மலையிறங்கி வருவார்கள். இரண்டு கூட்டமும் கடக்கும் இடத்தில் புளியறைச் சோதனைச்சாவடி நிற்கிறது.

அங்கே நீளும் கை யாரை நிறுத்துகிறது என்பதுதான் இளைஞர்களின் மனக்குறை. அது புளியறைக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. தலைக்கவசம் இல்லாமல், இரு கால்களுக்கு நடுவே உர மூட்டையோடு போகும் பெரியவரின் மொபெட்டைக் கண்டுகொள்வதில்லை. கட்சிக் கொடி கட்டிய கார் வேகம் குறைக்காமலே போய்விடுகிறது. தலைக்கவசம் போட்டு வரும் கல்லூரி மாணவனோ லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று என ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் 'ஏலே, எங்க போற?' என்ற விளியிலிருந்து அவன் தப்ப முடிவதில்லை. முடிவெட்டும், சைலன்சர் சத்தமும், வண்டியின் மாடலுமே அவனுக்கு எதிரான சாட்சிகளாகிவிடுகின்றன.

காவலர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும், அது கனமானது. 2024 ஜனவரி 28 அன்று விடியுமுன், குற்றாலத்தில் குளித்துவிட்டுப் புளியங்குடிக்குத் திரும்பிய இளைஞர்களின் கார் சிங்கிலிப்பட்டி அருகே சிமெண்ட் லாரியோடு நேருக்கு நேர் மோதியது. 6 பேர் உயிரிழந்தார்கள். எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். அந்தக் கார் வழியில் எங்காவது நிறுத்தப்பட்டு, ஓட்டுநர் முகம் கழுவிவிட்டுப் போகும்படி சொல்லப்பட்டிருந்தால் என்ற ஏக்கம் புளியங்குடியில் பல வீடுகளில் இன்னும் இருக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 66.5 விழுக்காட்டினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். தமிழ்நாட்டின் பங்கு 17,884 உயிர்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு, இளைஞர்களை நிறுத்தவே கூடாது என்று எவரும் வாதாட முடியாது.

ஆனால் அதே கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலை இன்னொரு செய்தியையும் தருகிறது. 2025 நவம்பர் 24 அன்று இடைகால் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதி, 6 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அங்கே பைக்கும் இல்லை, பையன்களும் இல்லை. புளியறை எஸ் வளைவில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு ஏறும் லாரிகளின் பின்னால் ஒருமுறை போனவர்களுக்கு, அந்தச் சாலையின் ஆபத்து ஒரு வயதினரோடு முடிந்துவிடுவதில்லை என்பது தெரியும்.

ஆகவே நிறுத்துவதா வேண்டாமா என்பதல்ல வழக்கு. எதை வைத்து நிறுத்துவது என்பதுதான். இதற்கு நேர்மையான வழிகள் இரண்டே உள்ளன: வருகிற எல்லாரையும் நிறுத்துவது, அல்லது கண்ணால் கண்ட ஒரு தவறுக்காக நிறுத்துவது. இவை இரண்டிலும் சேராத, ஆளைப் பார்த்து நிறுத்தும் பழக்கத்தில்தான் அநியாயம் புகுந்துகொள்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல் டெலவேர் எதிர் பிரவுஸ் வழக்கில் இதே கோட்டைத்தான் கிழித்தது. எந்த விதிமீறலும் கண்ணில் படாமல், லைசென்ஸ் பார்க்கலாமே என்று ஒரு காவலர் தன் விருப்பப்படி ஒரு காரை நிறுத்தியது செல்லாது என்றது. அதே வேளையில், சாலையை மறித்து வருகிற வண்டிகள் அனைத்தையும் சோதிக்கும் முறைக்கு அந்தத் தீர்ப்பு இடம் வைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் அந்த இரண்டாம் வழியை மதுச் சோதனைக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. சோதனை இடத்துக்கு வந்துவிட்டால் மருத்துவரும் ஊத வேண்டும், மாணவரும் ஊத வேண்டும். அதுவரை ஆண்டுக்கு 1,250க்கு மேல் இருந்த சாலை மரணம் அடுத்த ஆண்டே 1,000க்குக் கீழ் இறங்கியது. அகப்பட்டுக்கொள்வோம் என்ற அச்சம் எல்லா வயதினருக்கும் வந்ததுதான் காரணம்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, சீருடையில் உள்ள எந்தக் காவலரும் லைசென்ஸைக் கேட்கலாம் என்கிறது. ஏன் கேட்டார் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு அகலமான அதிகாரத்துக்குக் கடிவாளம் வேண்டாமா? அந்தக் கடிவாளம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதி திருத்தப்பட்டு 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணங்களே போதும். அவை சரிபார்க்கப்பட்டுவிட்டால் தாளில் கேட்கக் கூடாது. இதைவிட முக்கியமானது அடுத்த வரி: சோதனை நடந்த நாள், நேரம், சோதித்த அதிகாரி யார் என்பதெல்லாம் இணையதளத்தில் பதியப்பட வேண்டும். திரும்பத் திரும்ப நிறுத்துவதையும் ஓட்டுநரை அலைக்கழிப்பதையும் தவிர்ப்பதற்கே இந்த ஏற்பாடு என்று அரசே விளக்கம் சொன்னது. செங்கோட்டையில் சோதிக்கப்பட்ட வண்டியைப் புளியறையில் மறுபடி ஓரங்கட்ட வேண்டியிராது. இந்த ஒரு வரி ஒழுங்காக நடைமுறையில் இருந்தால் இளைஞர்களின் புகாரில் பாதி எழுந்தே இருக்காது.

மீதிப் பாதி, பேசும் முறையில் இருக்கிறது. தென் மாவட்டங்களில் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி உண்டு. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். கையில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தை வைத்துப் பிள்ளைகள் பிரிக்கப்படுவதை நிறுத்தச் சொல்லி நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்த மண் இது. முகவரி லைசென்ஸிலேயே அச்சாகியிருக்கும்போது தெருப்பெயரை வாய்விட்டுக் கேட்பது எதற்கு? சாவியைப் பிடுங்குவதும் அப்படித்தான். வண்டியைக் கைப்பற்ற 207ஆம் பிரிவு சில சூழல்களில் இடம் தருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கைவிட்டுச் சாவியை உருவ எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் 2018 மார்ச் 7ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். திருச்சி துவாக்குடியில் தலைக்கவசம் அணியாமல், நிற்காமல் போன தம்பதியைத் துரத்திச் சென்ற காவல் ஆய்வாளர் பைக்கை எட்டி உதைத்தார். கீழே விழுந்த பெண் இறந்தார். 2021 ஜூனில் சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில், ஊரடங்கின்போது நிறுத்தப்பட்ட வியாபாரி ஒருவர் காவலரின் அடியில் விழுந்து மறுநாள் உயிரிழந்தார். இரண்டு சம்பவங்களிலும் அந்தக் காவலர்கள் கைதானார்கள். தலைக்கவசம் அணியாததற்கு அன்று அபராதம் 100 ரூபாய். 2022 அக்டோபரில் தமிழ்நாடு அதை 1,000 ஆக்கியது. நிற்காமல் பாய்கிற பையனின் தவறு தவறுதான். ஆனால் நின்றால் அவமானம் என்று அவனுக்குப் பழக்கிவிட்டது யார்? வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் ஒரு துரத்தல் எப்படி முடியும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் கேரளம் வேறொரு வழியைப் பார்த்திருக்கிறது. 2023 ஜூன் 5 முதல் அந்த மாநிலமெங்கும் 726 கேமராக்கள் விதிமீறலைப் பிடித்து வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புகின்றன. தலைக்கவசம் இல்லாத தலை என்றால் கேமராவுக்கு நரைத்த தலையும் ஒன்றுதான், கறுத்த தலையும் ஒன்றுதான். ஆனால் கேமராவுக்குச் சாராய வாடை தெரியாது. 15 வயதுச் சிறுவன் அப்பாவின் வண்டியை எடுத்து வந்தால் அவனை அங்கேயே இறக்கிவிட அதனால் முடியாது. அந்த வேலைக்கு மனிதர்தான் வேண்டும். அதில் தயவு காட்டவும் கூடாது: 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

இளைஞர்களைத்தான் குறிவைக்கிறார்களா என்ற சந்தேகம் தீர, நிறுத்தப்பட்டவர்களின் கணக்கு வேண்டும். இ-சலானில் அபராதம் விதிக்கப்பட்டவர் மட்டுமே பதிவாகிறார். நிறுத்தி, விசாரித்து, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பப்பட்டவர் எங்கும் பதிவாவதில்லை. அவர்கள்தான் இந்த வழக்கின் சாட்சிகள். வரும் ஜூன் சீசனில் தென்காசி மாவட்டக் காவல்துறை புளியறையிலும் குற்றாலத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். குறிப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு வரும் அத்தனை வண்டிகளையும், காரும் லாரியும் பேருந்தும் மொபெட்டும் உட்பட, சோதிக்கலாம். இரவில் அருவியிலிருந்து திரும்பும் எல்லா ஓட்டுநர்களையும் ஊதச் சொல்லலாம். மற்ற நேரங்களில் தனியாக நிறுத்தும் ஒவ்வொரு வண்டிக்கும் ஓட்டுநரின் வயது, நேரம், நிறுத்தியதன் காரணம் ஆகிய மூன்றையும் இ-சலான் கருவியில் ஏற்றி, சீசன் முடிந்ததும் ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பட்டியலைப் பெயர்கள் இல்லாமல் வெளியிடலாம். தேவையான கருவி காவலர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.