பாட்டு காதைக் குத்துகிறதா?

ஆசையோடு வாங்கி வைத்த ஸ்டீரியோ. பாட்டும் நல்ல பாட்டுதான். ஆனால், பாடகி மேலே ஏறிப் பாடும்போது காது கூசுகிறது. ஜால்ரா சத்தம் ஊசி போலக் குத்துகிறது. 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் பாம்பு போலச் சீறுகிறது. அரை மணி நேரம் கேட்டால் தலைவலி!

"பெட்டி சரியில்லை. வேறு வாங்க வேண்டியதுதான்" என்று வீட்டுக்காரர் கிளம்பிவிடுகிறார். அன்னூரில் பஸ் ஏறிக் கோவையில் இறங்கினால் கடைகளுக்கா பஞ்சம்? பல ஆயிரம் ரூபாய் போகும். புதுப் பெட்டி வரும். அதுவும் குத்தும்!

காரணம் என்ன? பல வீடுகளில் குற்றவாளி பெட்டி அல்ல. பெட்டி இருக்கும் அறை!

வீடு மாறியது

கொங்கு நாட்டுப் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். மேலே ஓடு. மண் சுவர். ஒரு மூலையில் பருத்தி மூட்டை. இன்னொரு பக்கம் கயிற்றுக் கட்டில், அதன் மேல் போர்வை. இவையெல்லாம் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொள்ளும்.

இன்றைய வீடு எப்படி? கான்கிரீட் கூரை, சிமெண்டுச் சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். பார்க்க அழகு! ஆனால், சுவரில் எறிந்த பந்து போலச் சத்தம் திரும்பி வருகிறது. பெட்டியிலிருந்து வரும் பாட்டை ஒரு முறையும், சுவரும் தரையும் திருப்பி அனுப்பும் பாட்டைப் பல முறையும் காது கேட்கிறது.

சந்தேகமா? அறை நடுவே நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். 'டப்' என்று அடங்கினால் நல்ல அறை. 'டப்... ங்ங்' என்று இழுத்தால், உங்கள் பாட்டைக் கெடுப்பது அறைதான்.

மெத்தை சொன்ன பாடம்

இதை உலகத்துக்கு அளந்து காட்டியவர் வாலஸ் சபின். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்தவர். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் அடங்க ஐந்து விநாடிக்கும் மேல் ஆயிற்று! 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு சபினிடம் வந்தது.

அவர் என்ன செய்தார்? பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்தார். மண்டபத்தில் பரப்பினார். ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தை கூடக் கூட, சத்தம் சீக்கிரம் அடங்கியது. அந்தக் கணக்கை வைத்துத்தான் 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபத்துக்கு அவர் யோசனை சொன்னார். இன்றும் உலகின் சிறந்த இசை மண்டபங்களில் அதுவும் ஒன்று.

பவானி இருக்கப் பயம் ஏன்?

நமக்கு மெத்தை தேடி எங்கும் போக வேண்டாம். பவானி ஜமக்காளம் நம் ஊர்ச் சரக்கு! துணி, கனத்த ஓசையை அதிகம் தடுக்காது. கூர்மையான ஓசையைத்தான் விழுங்கும். காதைக் குத்துவதும் அதுதானே!

பெட்டிக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான பருத்தித் திரை போடுங்கள். திரையை இழுத்துக் கட்டாமல் மடிப்பு மடிப்பாகத் தொங்க விடுங்கள். எதிர்ச் சுவர் வெறுமையாக இருக்கிறதா? புத்தக அலமாரியை அங்கே நகர்த்துங்கள்.

பிறகு பெட்டிகளைக் கவனியுங்கள். கூர்மையான ஓசை, டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாயும். பெட்டியின் முகம் உங்கள் காதையே பார்த்தால், சற்று விலக்கித் திருப்பி வையுங்கள். கடைசியாக 'டிரபிள்' திருகைக் கொஞ்சம் குறையுங்கள். இதற்கெல்லாம் காசு ஏது?

இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு பாட்டு மட்டும் குத்தினால், அது பதிவின் குறை. எல்லாப் பாட்டும் குத்தினால் பெட்டியை ரிப்பேர்க்காரரிடம் காட்டுங்கள். புதிது வாங்குவதானால், கடையில் கேட்டு மட்டும் மயங்காதீர்கள். வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க விடுவார்களா என்று விசாரியுங்கள்.

தாத்தாவும் பேத்தியும்

வயது ஏற ஏற, முதலில் கேட்காமல் போவது கூர்மையான ஓசைதான். அதனால் தாத்தா டிரபிளைக் கூட்டி வைப்பார். அவருக்கு அப்போதுதான் பாட்டு தெளிவு. பக்கத்தில் பேத்தி காதைப் பொத்திக்கொள்வாள். "பாட்டுக் கேட்கத் தெரியாத பிள்ளை" என்று அவளைத் திட்டாதீர்கள்! தாத்தா காதில் விழாத ஓசை அவளைக் குத்துகிறது. தாத்தாவைப் பெட்டிக்கு அருகே உட்கார வையுங்கள். சத்தத்தைக் குறையுங்கள். இருவரும் கேட்கலாம்.

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபல்தான். காதுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய உயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பெட்டி போனால் கடையில் வாங்கலாம். காது போனால்?

ஆகவே, மணிபர்சைத் திறக்கும் முன் ஜமக்காளத்தை விரியுங்கள். வீட்டில் உள்ள சின்னக் காதுகளைக் கேட்டுச் சத்தத்தை வையுங்கள். பாட்டு இனிக்கும். பணமும் மிஞ்சும்!