மீனை நிறுத்தச் சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி

1/ பெரக்கரை நாட்டுல இருந்து ஒரு கர்ப்பிணி. ரத்தம் ரொம்பக் கம்மி. மீன், கருவாடு சாப்பிடுறீங்களாம்மான்னு கேட்டேன். "கடல் மீன்ல பாதரசம்னு வாட்ஸப்ல வந்துச்சு சார், நிறுத்திட்டேன்."

2/ அந்த ஃபார்வர்டுல பாதி உண்மை. நிலக்கரி எரிந்தால் பாதரசம் வெளியேறும். தண்ணீரில் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். பாசி, சின்ன மீன், பெரிய மீன்னு படிக்குப் படி சேரும். கழுவினாலும் வறுத்தாலும் போகாது. கருவின் மூளையைப் பாதிக்கும். 1956-ல் வெளியே தெரிந்த ஜப்பானின் மினமாட்டா நோய் இதுதான்.

3/ மீதிப் பாதியை அந்த ஃபார்வர்டு சொல்லல. மத்தி, நெத்திலியில் பாதரசம் ரொம்பக் குறைவு. தாராளமா சாப்பிடுங்க. கருவாடுன்னா உப்பு போக நல்லா அலசுங்க. பிபி இருந்தா வேண்டாம். தவிர்க்க வேண்டியது சுறா மாதிரி வேட்டை மீன்களை. பால் சுரக்கணும்னு சுறாப்புட்டு செய்யுற வீடுகளே, மத்திக்கு மாறுங்க.

4/ இப்ப என் கேள்வி. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டும் பாதரசம் மண்ணுல தங்கிடுச்சு. கொட்டினவனை விட்டுட்டு கர்ப்பிணி தட்டுல கை வைப்பீங்களா?

5/ மெத்தில் பாதரசத்துக்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.25 மி.கி. எந்தத் துறைமுகத்துல, எந்த மீன்ல எவ்வளவுன்னு மாசாமாசம் தமிழ்ல வெளியிடுங்க. அதை ஃபார்வர்டு பண்றோம்.