நாணயச் சூதாட்டமும் நம் வாலிபர்களும்

நமது வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் சில காலமாக ஒரு புது மோகம் பரவி வருகின்றது. "ஃபாரெக்ஸ்" என்பது அதன் பெயர். வயலில் இறங்காமல், ஆலைக்குப் போகாமல், செல்போனில் டாலரையும் யூரோவையும் வாங்கி விற்றே மாதம் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாமாம். 2020இல் ஏ.எஃப்.டி. மில்லும் மூடப்பட்ட பிறகு வேலைக்கு அலையும் வாலிபர்களிடம் இந்தப் பேச்சு எடுபடுவதில் ஆச்சரியமில்லை.

அந்நிய நாணயம் நமக்குப் புதிதல்ல. 1954 வரையில் இந்தோசீனா வங்கி வெளியிட்ட ரூபாய் நோட்டு இங்கே புழங்கிற்று. சொல்தாக்களின் வீடுகளுக்குப் பிராங்கில் வந்த பென்ஷன் இன்று யூரோவில் வருகின்றது. ஆனால் அவர்கள் உழைத்து அந்நிய நாணயத்தைச் சம்பாதித்தார்கள். இன்றைய வாலிபரோ உழைத்துச் சேர்த்த ரூபாயை அந்நிய நாணயத்தின் பேரால் தொலைக்கின்றார். இதுதான் வித்தியாசம்.

கோபித்துக்கொள்ளாமல் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கட்டுவது 10,000 ரூபாய். கம்பெனிக்காரன் "நூறு மடங்கு வியாபாரம் செய்யலாம்" என்று ஆசை காட்டுகின்றான். அதாவது உங்கள் பேரில் 10 லட்ச ரூபாய்க்குப் பேரம் நடக்கும். விலை நீங்கள் நினைத்ததற்கு மாறாக நூற்றுக்கு ஒன்று நகர்ந்தால் போதும், உங்கள் 10,000மும் காலி. யூரோ விலை நூற்றுக்கு ஒன்று ஏறுவதும் இறங்குவதும் சாதாரண சங்கதி.

அதுமட்டுமா? வாங்குகிற விலை ஒன்று, விற்கிற விலை ஒன்று. அந்த வித்தியாசம் பத்தாயிரத்துக்கு இரண்டு ரூபாய்தான் என்று வைத்துக்கொண்டாலும், 10 லட்சத்துக்கு 200 ரூபாய் ஆகின்றது. ஐம்பது தடவை வாங்கி விற்றால், விலை அசையாமலே இருந்தாலும் முதல் முழுவதும் தரகனுக்குப் போய்விடும். இதை வியாபாரம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையாவது ஒப்புவானா?

"கெட்டிக்காரன் பிழைக்கிறானே" என்பார்கள். எதிரில் யார் என்று பார்க்க வேண்டாமா? 2022 கணக்குப்படி இந்த உலகச் சந்தையில் ஒரு நாளைக்கு 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறிற்று. ஆடுகிறவர்கள் பெரும் வங்கிகள். 2015 ஜனவரி 15ஆம் தேதி சுவிட்சர்லாந்து மத்திய வங்கி திடீரென்று ஒரு கட்டுப்பாட்டை நீக்க, சில நிமிடங்களில் பிராங்க் தலைகால் தெரியாமல் ஏறி, பெரிய தரகுக் கம்பெனிகளே கவிழ்ந்தன. அய்ரோப்பியக் கண்காணிப்பு நிறுவனம் 2018இல் இவ்விதப் பேரக் கணக்குகளைச் சோதித்ததில், நூற்றுக்கு 74 முதல் 89 வரை நஷ்டக் கணக்குகளே. படித்த சீமையிலேயே இந்தக் கதி!

நிற்க, "எங்கள் குரு சொன்னது ஐந்து தடவையும் பலித்தது" என்கிறார் ஒரு வாலிபர். இவர் ஜோசியத்தை நம்பாதவர். நாம் கேட்கின்றோம்: ஒருவன் 640 பேரில் பாதிப் பேருக்கு "ஏறும்" என்றும், பாதிப் பேருக்கு "இறங்கும்" என்றும் செய்தி அனுப்புகிறான். பொய்த்துப் போனவர்களை விட்டுவிட்டு, மீதி 320 பேருக்கு மறுபடியும் அப்படியே செய்கிறான். ஐந்தாம் தடவை முடிந்ததும் 20 பேர் அவனைச் சர்வக்ஞன் என்று நம்பிப் பணத்தைக் கொட்டத் தயாராக இருப்பார்கள். இவனுக்கும் ஜாதகம் பார்ப்பவனுக்கும் என்ன பேதம்? ராசிக் கட்டத்துக்குப் பதில் கோட்டுப்படம், அவ்வளவே.

திருப்பூரில் 2008–09இல் பாசி ஃபாரெக்ஸ் என்ற கம்பெனி இந்த வியாபாரத்தின் பேரைச் சொல்லிச் சுமார் 930 கோடி ரூபாய் வசூலித்தது. இயக்குநர்கள் இருவருக்குத் தலைக்கு 27 வருஷச் சிறை என்று கோயம்புத்தூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 ஆகஸ்டில். பணம் கட்டியவர்கள் 13 வருஷம் காத்துக் கிடந்தார்கள்!

சட்டமும் தெளிவாக இருக்கின்றது. 1999ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டப்படி, அனுமதி பெற்றவர்களிடமும் அங்கீகாரம் பெற்ற சந்தைகளிலும்தான் இதைச் செய்யலாம். அங்கேயும், 2024 மே முதல், ரூபாய் சம்பந்தப்பட்ட பேரங்கள் ஏற்றுமதி, இறக்குமதி போன்ற உண்மையான செலாவணித் தேவை உள்ளவர்களுக்கே. மீறினால் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு. அனுமதியற்ற கம்பெனிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு வெளியிட்டது. 2023 நவம்பரில் அது 75 ஆயிற்று. பட்டியலில் பெயர் இல்லாததாலேயே ஒருவன் யோக்கியன் ஆகிவிட மாட்டான்.

தாய்மார்களே! மகன் நகையை அடகுக்குக் கேட்டால் மேலே சொன்ன கணக்கை அவனையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தோழர்களே! ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ஏமாந்தது குற்றமல்ல. ஏமாந்ததை மூடி வைத்து, போனதை மீட்க மறுபடியும் கடன் வாங்கி ஆடுவதுதான் குடும்பத்தை நாசமாக்குகின்றது. 10,000இல் பாதியைத் தோற்றவன் பழைய நிலைக்கு வர, மீதிப் பணத்தை இரட்டிப்பாக்கியாக வேண்டும். ஆசை இதை யோசிக்க விடாது. அறிவுதான் யோசிக்க வேண்டும்.